ஐந்து பேருக்கும் ஒரே மதிப்பெண்ணாம்

அன்பு மகள் கைன்சாவுக்கு அம்மா எழுதுவது. எம்பாலேயில் எல்லோரும் சுகம், எனக்கு மட்டும் இந்த வாரம் முழுக்கக் குமட்டல். தோஹாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் திடமாக இரு. (சொல்வது அம்மா, எழுதுவது உன் தம்பி கிதுது. அடைப்புக்குள் வருவது என் சொந்தச் சரக்கு. நான் ஏன் எழுதுகிறேன் என்று அவளே சொல்வாள்.)

குமட்டலுக்குக் காரணம் என் வகுப்பின் குழு வேலை. மத்தோக்கே வாழைக்காய்த் தோலைக் காயவைத்து, கரியாக்கி, இடித்து, அடுப்பில் எரிக்கும் கட்டி செய்ய வேண்டும். ஒரு குழுவில் ஐந்து பேர், தோல் பொறுக்கிப் புகை குடித்துக் கை கொப்பளித்தவள் நம்பொசோ ஒருத்திதான். மற்ற நாலும் அரைப்பக்க அறிக்கை கிறுக்கி, ஒப்படைக்கிற நாளில் கன்னத்தில் கரிக்கோடு போட்டுக்கொண்டு வந்து நின்றன, சீ! (கோடு அழகாக இருந்ததாகக் கேள்வி.) அறிக்கையைப் பார்த்துத் தலைமையாசிரியர் ஐந்து பேருக்கும் இருபதுக்குப் பதினொன்று போடச் சொல்கிறார். பதினைந்து இல்லாவிட்டால் நம்பொசோவின் மேல்படிப்பு உதவித்தொகை போச்சு. "ஒரு குழுவுக்கு ஒரே மார்க்தான் டீச்சர், பிரிச்சா பெத்தவங்க கேட்ல வந்து நிப்பாங்க" என்கிறார்.

நான் ஒவ்வொருவராக அழைத்துக் கரித்தூளை முன்னால் வைத்து, இது எதில் ஒட்டும், செய்து காட்டு என்றேன். மசாபா "சிமெண்ட் டீச்சர்" என்றான். ஒருத்தி எச்சில் என்றாள், ஒருவன் கூரையைப் பார்த்தான். நாலாவது பல்லை இளித்து "எங்க ஒத்துமையிலதான் டீச்சர்" என்றது. நம்பொசோ மரவள்ளி மாவுக் கஞ்சி காய்ச்சிக் கலந்து பிடித்தாள், கல் மாதிரி இருந்தது. பிறகு மெதுவாக, "பிரிக்காதீங்க டீச்சர், இனிமே யாரும் என்னையச் சேர்த்துக்க மாட்டாங்க" என்றாள். அங்கேதான் எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது மகளே, ஒன்பது வருஷம் ஒரே மதிப்பெண் போட்டு இப்படி எத்தனை பேர் வாயை அடைத்தேனோ.

அவளுக்குப் பதினெட்டு, மூவருக்கு ஆளுக்கு இரண்டு, ஒற்றுமைக்குச் சைபர் போட்டுக் கையெழுத்திட்டேன். "சொந்தப் பையனுக்கேவா?" என்றார் தலைமையாசிரியர். அவனுக்குத்தான் முதலில் போட்டேன் என்றேன். (ஒற்றுமை நான்தான் அக்கா.) அவனுக்குத் தண்டனைதான் இந்தக் கடிதத்தை எழுதுவது; உதிராத கட்டி ஒன்று பிடிக்கும்வரை சனிக்கிழமைதோறும் சந்தையிலிருந்து நம்பொசோவுக்குத் தோல் சுமக்கவும் வேண்டும்.

நீயும் அங்கே வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் அடுத்தவர் செய்த வேலைக்குக் கையெழுத்துப் போடாதே. கடவுள் உன்னைக் காக்கட்டும், ஞாயிறன்று மறக்காமல் கூப்பிடு.

உன் அம்மா,
முத்தோனி

(நேற்று என் கட்டி கையிலேயே உதிர்ந்தது. நம்பொசோ சிரிக்கவில்லை. கஞ்சிச் சட்டியை என் பக்கம் தள்ளிவைத்தாள்.)