எழுதாமல் விட்ட பதினொரு நாட்கள்

8 மே 1977, ஞாயிறு

வந்துவிட்டன. காலை ஏழரைக்குக் குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்கும்போது பின்வேலிக் கம்பியில் முதலாவது ரொபின். கழுத்திலிருந்து வயிறு வரை தணல் நிறம். வேலிக்கு அப்பால் கோவா வெட்டி முடிந்த தோட்டத்தை உழுதுவிட்டிருக்கிறார்கள். கம்பியிலிருந்து மண்ணில் குதிக்கும், எதையோ கொத்தும், திரும்பவும் கம்பிக்கு ஏறும். ஒவ்வொரு முறையும் வாலை ஒருதரம் ஆட்டிவிட்டுத்தான் அமர்கிறது.

போன வருடம் 2 மே. அதற்கு முந்திய வருடம் 29 ஏப்ரல். இந்த முறை பிந்திவிட்டன. ஒரு கிழமையாக மனதுக்குள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். யாரிடம் சொல்வது, குருவி பிந்திவிட்டது என்று?

இவரை எழுப்பிச் சொன்னேன். "நல்லம்" என்று மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

கொப்பியில்: சிவப்பு 1, பழுப்பு 2.

15 மே

குளிர். புல்லெல்லாம் வெள்ளை. வேலிச் செடிக்குள் ரென் குருவிக் குடும்பம் ஒன்று, குச்சி மாதிரி வாலை நிமிர்த்திக்கொண்டு. ஆண்கள் எல்லாம் நீலத்தைக் கழற்றிவிட்டன, ஒரு கிழவர் மட்டும் இன்னும் நீலமாகவே திரிகிறார். தண்ணீர்த் தட்டில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட பச்சைக் குருவிகள் பதினாலு, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து குளித்தன. இந்தக் குளிரில்! நான் காலுக்கு இரண்டு சோடி மேஸ் போட்டுக்கொண்டு பார்க்கிறேன்.

ஊரை விட்டு, யூனில் குளிர்காலம் வரும் இந்த நாட்டில் மல்கிரேவுக்கு வந்த முதல் வருடம், 1973இல், எனக்கு ஒருவரையும் தெரியாது. இவர் கம்பஸுக்குப் போனால் மாலை ஆறு மணிவரை என் குரலையே நான் கேட்பதில்லை. ஊரில் எட்டு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள். அந்த யூன் மாதத்தில்தான் கொப்பியைத் தொடங்கினேன். தினமும் காலை ஏழரையிலிருந்து எட்டரை. எத்தனை வந்தன, எந்த நிறம், எவ்வளவு நேரம். வேறு ஒன்றும் எழுதுவதில்லை. அதற்குத்தான் இந்த டயறி.

போன நவம்பரில் இவர் நாலு கொப்பியையும் கேட்டு வாங்கிப்போய்க் கம்பஸில் தட்டச்சு செய்வித்து வந்தார். ஈரம் பட்டால் போய்விடும், பத்திரமாக ஒரு பிரதி இருக்கட்டும் என்றார். திரும்பத் தரும்போது கூடவே ஒரு பைனோகுலர். நான் கேட்காமலே. அன்றைக்கு நான் அழுதேன் என்று நினைக்கிறேன்.

3 யூன், வெள்ளி

காலையில் தொலைபேசி. மிஸ் லோரிமர் என்று ஒரு பெண், வயதான குரல். பறவை பார்ப்போர் சங்கத்தின் செயலாளர். மிஸ்டர் கேதீஸ்வரனோடு பேசவேண்டும் என்றார். இல்லை, வேலைக்குப் போய்விட்டார், நான் மனைவி என்றேன். சங்கத்தின் சஞ்சிகையில் வந்த அவருடைய கட்டுரை மிக நன்றாக இருந்ததாம். நாலு குளிர்காலம் ஒரே ஜன்னலில் நின்று ரொபின்களை எண்ணுவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்! ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்தார் வந்து அந்தத் தோட்டத்தைப் பார்க்கலாமா?

என்ன கட்டுரை என்று நான் கேட்கவில்லை. அவரிடம் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். ரிசீவரை வைத்த பிறகும் கை அதன் மேலேயே இருந்தது.

மாலை, இவர் கம்பஸிலிருந்து கொண்டுவருவதெல்லாம் கிடக்கும் காரின் பின்பெட்டியைத் திறந்து பார்த்தேன். மண்ணிறக் கடதாசியில் சுற்றிய கட்டு. ஐம்பது பிரதிகள் இருக்கும். "மல்கிரேவ் புறநகர்த் தோட்டமொன்றில் பிளேம் ரொபின்களின் குளிர்கால வருகை." கீழே அவருடைய பெயர். அவருடைய பெயர் மட்டும்.

"கட்டுரையாளர் தன் குசினி ஜன்னலிலிருந்து அவதானித்தார்" என்று எழுதியிருக்கிறது. சீனி எந்தப் போத்தலில் இருக்கிறது என்று தெரியாத மனிதர்.

கடைசிப் பக்கத்தில் நன்றி. பேராசிரியருக்கு, தட்டச்சு செய்த பெண்ணுக்கு, "பொறுமையோடு இருந்த என் மனைவிக்கு".

4 யூன்

கேட்டேன். சாப்பிட்டு முடியும்வரை காத்திருந்து கேட்டேன். சத்தம் போடவில்லை.

அவருக்கும் முகம் கறுத்துவிட்டது, இல்லையென்று சொல்லமாட்டேன். வருடா வருடம் புதுப்பிக்கும் டியூட்டர் வேலை, இந்த ஓகஸ்டில் நிரந்தர விரிவுரையாளர் இடத்துக்கு நேர்முகம், ஒரு கட்டுரையாவது காட்டாவிட்டால் கூப்பிடவே மாட்டார்கள். எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். பிறகு சொன்னார்:

"உம்மட பேரைப் போட்டாலென்ன, என்ர பேரைப் போட்டாலென்ன, ஒரு வீட்டுப் பேர்தானே."

"கேட்டிருந்தாத் தந்திருப்பனே" என்றேன்.

எழும்பினார். கோப்பையை எடுத்துப்போய்க் கழுவினார். நாலு வருடத்தில் முதல் தடவை.

7 யூன்

சிவப்பு 3, பழுப்பு 6. பைனோகுலரை எடுக்கவில்லை. வெறுங்கண் போதும்.

அது எனக்கென்று வாங்கியதல்ல. கொப்பிகளுக்குக் கொடுத்த விலை.

14 யூன், செவ்வாய்

நாலு நாளாக என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். உண்மையில் என்ன போய்விட்டது? குருவிகள் அங்கேதான் இருக்கின்றன. அவருக்கு வேலை கிடைத்தால் எனக்கும்தானே. இன்று மத்தியானம் அந்தக் கட்டுரையை முழுவதும் ஒருமுறை ஒழுங்காக வாசித்துவிட்டு அலுமாரியில் வைத்துவிடலாம் என்று கதிரையைப் போட்டு இருந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது, நான் "பழுப்பு" என்று எழுதிய இடமெல்லாம் "பெண்" என்று இருப்பது. பழுப்பெல்லாம் பெண் இல்லை. முதல் வருடத்து ஆண் குஞ்சுகளும் பழுப்புத்தான். ஓகஸ்டில் சிலவற்றின் நெஞ்சில் ஒரு சொட்டு ஆரஞ்சு தெரியும். தெரியாததைத் தெரியாது என்று எழுதவேண்டும் என்றுதான் "பழுப்பு" என்று எழுதினேன்.

பிறகு அட்டவணை. 1975, யூன்.

9 யூன்: 7. 10 யூன்: 6. 11 யூன்: 8. இப்படியே 19 வரை. ஒவ்வொரு நாளுக்கும் ஓர் எண்.

அந்தப் பதினொரு நாளும் நான் இந்த வீட்டிலேயே இல்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வயிற்றில் ஆறாம் மாதம், தங்கவில்லை. பெண் குழந்தை. மூன்றாம் நாள்தான் சொன்னார்கள் பெண் என்று. பிறகு காய்ச்சல். கொப்பியில் அந்த இரண்டு பக்கத்தையும் வெறுமையாக விட்டிருந்தேன். வீட்டுக்கு வந்த அன்று தேதிகளை மட்டும் எழுதினேன். பக்கத்தில் ஒன்றுமில்லை.

அதுக்குள்ள எழுதியிருக்கிறாரே. ஏழு, ஆறு, எட்டு எண்டு. எப்படி மனம் வந்தது? ஒவ்வொரு மாலையும் போத்தலில் சூப் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த அதே மனிசன். என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்த கை.

16 யூன்

கொப்பியையும் கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக் காட்டினேன். இடைவெளி இருந்தால் அட்டவணை நிற்காதாம், முன்பின் நாட்களின் சராசரியைப் பார்த்துப் போட்டதாம், எல்லோரும் செய்வதுதானாம். எல்லோரும் செய்வதென்றால் சராசரி என்று கட்டுரையில் சொல்லியிருக்கலாமே என்றேன். பொறுமை போய்விட்டது அவருக்கு.

"நீர் ஆஸ்பத்திரியில கிடந்தீர் எண்டு குருவியள் வராமல் விட்டிருக்குமே?"

சொன்ன கையோடு தலையைக் குனிந்துகொண்டார். சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கே தெரிந்தது. ஆனால் சொல்லிவிட்டார்.

நான் கேட்டது ஒன்றுதான். திருத்தம் என்று நாலு வரி நீங்களே எழுதி அனுப்புங்கள். என்னுடைய பெயர் வேண்டாம். அந்தப் பதினொரு நாளையும் எடுத்துவிடுங்கள்.

"நேர்முகம் முடியட்டும். முடிஞ்ச கையோட எழுதுறன். சத்தியமா."

சரி என்றேன்.

3 யூலை, ஞாயிறு

சங்கத்தார் வந்தார்கள். ஆறு பேர், தொப்பியும் சப்பாத்துமாக. கேதீஸ்வரன் அவர்களைப் பின்முற்றத்துக்குக் கூட்டிப்போய் விளக்கம் கொடுத்தார். என்னுடைய சொற்களையே சொன்னார், மண்ணில் குதிப்பது, வால் ஆட்டுவது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. இவ்வளவு நாளும் நான் சொன்னதையெல்லாம் காதில் வாங்கியிருக்கிறார்.

மிஸ் லோரிமர் ஒல்லியான மனுஷி. எழுபது இருக்கும். வேலியில் இருந்த பழுப்பு ஒன்றைக் காட்டி, அது பெண்ணா, இளம் ஆணா, எப்படிப் பிரித்தீர்கள் என்று கேட்டார். பழுப்பென்றால் பெண்தான் என்று இவர் சொன்னார்.  மிஸ் லோரிமர் குனிந்து புல்லைப் பார்த்தார்.

தேத்தண்ணீர்த் தட்டோடு நான் நின்றேன். பிறகு கோப்பையைக் கொடுக்கக் குசினிக்கு வந்த மிஸ் லோரிமர், ஜன்னலடியில் கிடந்த கொப்பியைப் பார்த்தார். இன்றைய தேதி, என் கையெழுத்து. என்னை ஒரு தரம் பார்த்தார். ஏதாவது சொல்ல இருந்தால் எழுதுங்கள் என்று சொல்லி, விலாசத்தை ஒரு துண்டில் எழுதிவைத்துவிட்டுப் போனார்.

அவருக்கு என்ன பதில் சொல்வது? என் புருஷன் சத்தியம் பண்ணியிருக்கிறார் என்றா?

10 யூலை

கிளேட்டனிலிருந்து யோகா வந்தாள். இங்கே எனக்கு இருக்கும் ஒரே சிநேகிதி. ஆஸ்பத்திரிக்கும் வந்தவள் என்பதால் அவளிடம் எல்லாம் சொன்னேன். நெடுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "புருஷனைக் காட்டிக் குடுக்காதை சிவனேஸ். ஒரு சின்னக் குருவிக்காக ஆரும் குடும்பத்தை உடைப்பினமே" என்றாள்.

குருவிக்காக இல்லையடி என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. காட்டிக் கொடுப்பது நானா?

19 ஓகஸ்ட், வெள்ளி

வேலை கிடைத்துவிட்டது. கேக் வாங்கி வந்தார். சந்தோஷத்தில் என் தலையைத் தடவினார், நானும் சிரித்தேன். எனக்கும் சந்தோஷம்தான், பொய்யில்லை.

ரொபின்கள் குறைந்துவிட்டன. மலைக்குத் திரும்புகின்றன. இன்று சிவப்பு 1, பழுப்பு 2. ஒரு பழுப்பின் நெஞ்சில் ஆரஞ்சுச் சொட்டு, மிகத் தெளிவாக.

21 ஓகஸ்ட்

இன்று கேட்டேன், திருத்தத்தை எப்போது எழுதப்போகிறீர்கள் என்று.

"ஏன் இப்ப? இப்பத்தானே வேலை கிடைச்சது. ஆர் உதை வாசிக்கப்போகினம்? விடுமன்."

விடுமன். இவ்வளவுதான். பேப்பரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். முதலாவதை வேலைக்காகச் செய்தார், பயத்தில் செய்தார். அதை ஒருநாள் மறந்திருப்பேன். இதை என்ன செய்வது? ரெண்டு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தன். ஒரு சொல் கேட்டு இருந்தன்.

28 ஓகஸ்ட்

எழுதினேன். மிஸ் லோரிமருக்கு, ஆங்கிலத்தில் ஏழு வரி. நாலு தரம் கிழித்து எழுதியது. யாரையும் குற்றம் சொல்லவில்லை. அவதானிப்புகள் என்னுடையவை, 1975 யூன் 9 முதல் 19 வரை அவதானிப்பு எதுவும் நடக்கவில்லை, பழுப்புப் பறவைகள் ஆணா பெண்ணா என்று தெரியாது. ஏன் நடக்கவில்லை என்று எழுதவில்லை. அது அவர்களுக்கு வேண்டாதது.

கீழே மிஸிஸ் என்று போடவில்லை. சிவனேஸ்வரி.

தபாலில் போடுமுன் கேதீஸ்வரனிடம் வாசிக்கக் கொடுத்தேன். சொல்லாமல் செய்ய என்னால் முடியாது. வாசித்தார். கடிதத்தைக் கிழிப்பார் என்று நினைத்தேன். மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தபால் பெட்டிவரை நடந்து போனேன்.

12 டிசெம்பர்

அந்த ஏழு வரியும் சஞ்சிகையில் அச்சாகி வந்துவிட்டது. பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில்.

கம்பஸில் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்களாம். அதை எனக்கு யோகாதான் சொன்னாள், தொலைபேசியில், அவசரமாக. அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை. பொங்கலுக்கு வருகிறோம் என்றிருந்த இரண்டு குடும்பமும் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் உப்பிருக்கோ, தண்ணி சூடோ — அவ்வளவுதான் பேச்சு.

5 பெப்ரவரி 1978

உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஆய்வுகூட உதவியாளர் வேலை. நாளை தொடக்கம். எனக்குப் படிப்பிக்கத் தெரியும் என்று அவர்களிடம் சொன்னேன். பார்ப்போம் என்றார்கள்.

11 மார்ச், சனி

கேதீஸ்வரன் போனார். கம்பஸில் யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. வடக்கே டவுன்ஸ்வில்லில் ஒரு பாடசாலையில் இடம் எடுத்திருக்கிறார். என்னையும் கூப்பிட்டார், நேற்றுப் பின்னேரம், பெட்டி கட்டிக்கொண்டே.

"நீரும் வாருமன். அங்கையும் குருவியள் இருக்குந்தானே."

வராமல் இருக்கக் காரணம் குருவி என்றே நினைக்கிறார். இல்லை என்று விளக்க எனக்கு ஒரு வருடத்துக்கு முந்திய பலம் இல்லை. நான் வரவில்லை என்றேன். நிற்கட்டும், யோசியும் என்றார். இன்று விமான நிலையத்துக்குப் போக டாக்சி வந்தது. சேட்டுக் கொலர் மடிந்திருந்தது, இழுத்துவிட்டேன். பழக்கம். அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும்.

போட்டு வாறன் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்.

21 மே 1978, ஞாயிறு

எட்டு மணிக்குத் தொலைபேசி. ஞாயிற்றுக்கிழமைகளில் கேதீஸ்வரன் எடுப்பார். சுகமா என்பார், சுகம் என்பேன். இன்று அதோடு வைக்காமல் கேட்டார், ரொபின் வந்திட்டுதே என்று.

"ஓம்."

"எத்தினை?"

ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கம்பி முழுக்க வெயில். ஒன்று இறங்கியது, ஒன்று ஏறியது.

"வந்திருக்குதுகள்" என்றேன்.

அவர் இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு அங்கே குளிரே இல்லை என்றும் மின்விசிறி போட்டுத்தான் படுப்பதாகவும் சொன்னார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்தேன்.

கொப்பியில்: சிவப்பு 4, பழுப்பு 5.