ஸ்லோலதான் இருந்துச்சு

என் அன்பு மச்சானுக்கு,

அக்கா நலம். உங்கள் சட்டைகளை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. இன்னொரு செய்தி: நம் முதலாளியின் புதுப் போட்டு, அந்த மோட்டார் படகு, போன வாரம் கிள்ளான் ஜெட்டியில், அதே படகுத்துறையில், முட்டியது. திறப்பு விழா, மாலையும் கழுத்துமாக அவரேதான் ஓட்டினார். யாருக்கும் அடியில்லை, முன்பக்கம்தான் பிளந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கே அனுப்புகிறேன், அவரும் படிக்கட்டும்.

நீங்கள் எத்தனை தடவை சொன்னீர்கள்! நீங்கள் ஓட்டிய பழைய போட்டின் டீசல் இன்ஜின் பெரியது. எண்ணெயை முழுக்கக் குறைத்தாலும், கியர் விழுந்துவிட்டால் போட்டு ஓட்டமாகத்தான் ஓடும். இன்னும் குறைத்தால் இன்ஜின் நின்றுவிடும். "கியர் பெட்டில ஒரு வால்வு போடுங்க முதலாளி, கிளட்ச் கொஞ்சம் வழுக்கட்டும், போட்டு நடந்து வரும்" என்றீர்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

வேறு வழியில்லாமல் பின்னால் இரண்டு வாளிகளைக் கட்டி இழுத்து வேகத்தைக் குறைத்தீர்கள். அதையும் விட்டாரா? "பார்க்க அசிங்கமா இருக்கு லா, அவுத்துப் போடு" என்றார். அவிழ்த்த மூன்றாம் நாள், நீரோட்டம் பின்னாலிருந்து தள்ளியது. கியரை எடுத்தால் சுக்கான் பிடிக்காது, எடுக்காவிட்டால் வேகம் குறையாது. போட்டு ஜெட்டியில் மோதி, மூட்டை தூக்கும் அங்கிளின் கால் முறிந்தது.

உங்களுக்கு எழுத்து மலாய் வராது. ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி நான்தானே, வாக்குமூலத்தை நான் எழுதினேன். "ஸ்லோலதான் இருந்துச்சு, தம்பி" என்றீர்கள். நான் 'பெர்லாஹான்' என்று தட்டினேன், போட்டு மெதுவாக வந்தது என்று. பட்டறைக்காரர்களுக்கு ஸ்லோ என்றால் எண்ணெயை முழுக்கக் குறைத்த இன்ஜினின் அடிவேகம், போட்டின் வேகமல்ல என்று எனக்கு யார் சொன்னார்கள்? மோதியதைப் பார்த்த அத்தனை பேரும் போட்டு வேகமாக வந்தது என்றார்கள். நீங்கள் பொய்யர் ஆனீர்கள். லைசன்ஸ் போனது.

பட்டறையில் வளர்ந்த முதலாளிக்கு அந்த வார்த்தை தெரியாதா? நான் தட்டியதை வாசித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கே, தம்பி" என்று என் முதுகைத் தட்டினார். அந்தக் கை இன்னும் என் முதுகில் எரிகிறது.

பிறகு சுபாங் ஜெயாவில் லோரி ஓட்டினீர்கள். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தினீர்கள். இரண்டே வருடத்தில் நெஞ்சு வலி வந்து போய்விட்டீர்கள். கடைசிவரை அந்த ஒரே வரியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் போன பிறகு ஒரு பட்டறைக்காரர் சொல்லித்தான் அதன் அர்த்தம் தெரிந்தது. எனக்கு ஏன் அப்போதே உறைக்கவில்லை, மச்சான்?

இப்போது அவர் முறை. விசாரணைக்கு வாக்குமூலம் வேண்டும் என்று என்னிடம் வந்தார். "எழுது தம்பி, ஸ்லோலதான் இருந்துச்சு." நான் நிதானமாக 'பெர்லாஹான்' என்று தட்டி நீட்டினேன்.

"இது இல்லடா! இன்ஜின்தான் ஸ்லோ. கியர்ல இருந்தா போட்டு ஓடத்தான் செய்யும். ஓட்டுறவன் என்ன பண்ணுவான்?"

"அன்னிக்கு எனக்குத் தெரியாது முதலாளி. உங்களுக்குத் தெரியும்ல?"

அவர் தாளை என் பக்கமே திருப்பித் தள்ளினார். அவர் சொன்னதை வரிக்கு வரி தட்டினேன், ஓட்டுபவன் மேல் தப்பில்லை என்பது உட்பட. தன் லைசன்ஸைக் காப்பாற்ற அவர் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டியிருந்தது. அதன் நகலை உங்கள் பழைய வாக்குமூலத்தோடு சேர்த்து, என் தவறையும் எழுதி, நானே அதிகாரியிடம் கொடுத்தேன். வழக்கைத் திரும்பப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

புதுப் போட்டின் முன்பக்கத்தைச் சரிசெய்து, நேற்று அந்த வால்வையும் போட்டுவிட்டார்கள். பூனை மாதிரி வந்து ஜெட்டியைத் தொடுகிறது. உங்கள் பேச்சை அன்றே கேட்டிருந்தால்?

அவரை நான் மன்னிக்கப் போவதில்லை. உங்கள் மேல் தப்பில்லை என்ற கடிதம் வரட்டும். ஜெட்டி ஒலிபெருக்கியில் நான் வாசிப்பேன், அவர் என் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். அவசரப்பட மாட்டேன், மச்சான். ஒவ்வொரு வார்த்தையாக, பெர்லாஹானாகத்தான் வாசிப்பேன். இது சத்தியம்.

உங்கள் பெயரைக் கெடுத்த, அதை மீட்காமல் ஓயாத,
மைத்துனன் சேகர்