பாதி விலைக்கு ஒரு வருஷம்

அன்பு மகள், என் வாலுப் பெண்ணுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இங்கே முழங்காலைத் தவிர நான் நலம். உன் அண்ணி நலம். உன் அண்ணனுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, வாயில்தான் குறை, அதைக் கீழே எழுதுகிறேன். அப்பா இருக்கிறார். போனில் சொல்ல வேண்டியதற்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இந்த வீட்டில் போனில் பேசினால் முன்னறையில் அப்பா படுத்திருக்கிற கட்டில் வரைக்கும் கேட்கும், பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் ஏன் சாத்தினாய் என்று அவர் கேட்பார், அதனால்தான் காகிதம். உன் அண்ணி பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். என் கையெழுத்து அவளுக்குப் பிடிபடாது, பிடிபட்டாலும் படிக்கட்டும், நான் யாருக்கும் பயந்து எழுதவில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

போன வாரம் நீ இரண்டு கேள்வி கேட்டாய். டிவியில் வருகிற அந்த வருஷச் சந்தா ஆஃபரை எடுத்தீர்களா, எடுத்தால் லாபமா என்று ஒன்று. அப்பா ஏன் முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறார் என்று இன்னொன்று. உனக்குத் தெரியாது, இரண்டும் ஒரே கேள்விதான். அதற்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் உன்னிடம் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன், உட்கார்ந்துகொண்டு படி. அப்பாவுக்கு இதயம் கொஞ்சம் பலவீனம், மாத்திரையில் சரியாகிவிடும் என்று உன் அண்ணன் சொன்னான் இல்லையா, அது முழு விஷயம் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அன்று பெரிய டாக்டர் என்னையும் உன் அண்ணனையும் லிஃப்ட் பக்கம் தள்ளிக்கொண்டு போய், "இனிமே இவரை அங்க இங்க அலைய விடாதீங்க, வீட்லயே வச்சுக்குங்க, ஆசைப்பட்டதைச் செஞ்சு குடுங்க" என்றார். எவ்வளவு நாள் என்று உன் அண்ணன் கேட்டான். நான் கேட்கவில்லை, அவன்தான் கேட்டான், இதை நீ நினைவில் வைத்துக்கொள், நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். "ஆறு மாசம் தாண்டினா சந்தோஷம்தான்" என்று சொல்லிவிட்டு லிஃப்ட் வந்ததும் ஏறிப் போய்விட்டார் மனுஷர், அவர் போட்டிருந்த செருப்பு வரைக்கும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. உனக்குப் புது வேலை, பதறிப்போவாய், சொல்ல வேண்டாம் என்றான் உன் அண்ணன். அப்பாவிடமும் சொல்லவில்லை. மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது, வெயில் குறைந்தால் எழுந்து நடந்துவிடலாம் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

முன்னறையில் அவருக்குக் கட்டில் போட்டு எதிர்ச் சுவரில் உன் அண்ணன் புது டிவி மாட்டினான், அந்த நல்ல காரியத்தையும் எழுதிவிடுகிறேன், நாளைக்கு நான் ஒருதலைப்பட்சமாக எழுதினேன் என்று பேச்சு வரக் கூடாது. டிவியோடு அந்தப் படம் காட்டுகிற கம்பெனிக்காரன் ஒரு மாதம் சும்மா கொடுத்தான். அதில் ஏதோ ஒரு நாட்டுப் போலீஸ்காரியின் கதை வருகிறது, தமிழில் பேச வைத்திருக்கிறார்கள், அவளும் நம்மைப் போல முழங்கால் வலிக்காரி, காரை விட்டு இறங்க அரைமணி நேரம் ஆகிறது, அதற்குள் எப்படித்தான் கொலைகாரனைப் பிடிக்கிறாளோ. உன் அப்பா அதில் விழுந்தவர் விழுந்தவர்தான். "அந்தப் பல் டாக்டரைப் பாரு, கையைக் கழுவிக்கிட்டே இருக்கான், அவன்தான்" என்பார். நான் இல்லை, அந்தப் பக்கத்து வீட்டுக்காரி என்பேன். "உனக்கு எந்தப் பக்கத்து வீட்டுக்காரியைத்தான் புடிச்சுது?" என்று கேட்டு மூச்சு வாங்கச் சிரிப்பார். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து சாப்பிடாதவர் அது ஓடும்போது மட்டும் உப்பில்லாத சோற்றை ஒரு சொல் சொல்லாமல் சாப்பிட்டார். ஊட்டி முடிக்கும் வரை அதை நிறுத்தாதே என்று உன் அண்ணியிடம் கண்ணைக் காட்டுவேன்.

சும்மா கொடுத்த மாதம் முடியப்போகிறது என்றதும் கம்பெனிக்காரன் தன் வேலையைக் காட்டினான். டிவியைப் போட்டாலே முதலில் சிவப்புப் பட்டையில் வருஷச் சந்தா பாதி விலை என்று வரும், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் என்று பக்கத்தில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடும். உன் அப்பாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா. மொத்த விலைக் கடையில் சரக்கு வாங்குகிற வேலையில் தலை நரைத்த மனுஷர், சீட்டில் எழுதிய விலையைக் கொடுத்து ஒரு சீப்பு வாங்கியது கிடையாது. ஒன்று வாங்கினால் ஒன்று சும்மா என்று இரண்டு இஸ்திரிப் பெட்டி வாங்கிவந்து, இரண்டாவதை உன் கல்யாணச் சீரில் வைத்தாரே, அதை உன் மாமியார் இன்னும் பெட்டி பிரிக்காமல் வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியும், ஏன் பிரிக்கவில்லை என்றும் தெரியும், அது இருக்கட்டும். பாதி விலை என்ற எழுத்தைப் பார்த்ததும் தலையணையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஆபீஸிலிருந்து வந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த உன் அண்ணனைக் கூப்பிட்டார். "டேய், இங்க வா. வருஷத்துக்குக் கட்டு. பாதி விலைடா, விடாதே" என்றார். உன் அண்ணனுக்கு டயர் கம்பெனியில் கணக்கு எழுதி எழுதி மூளையும் டயர் மாதிரி ஆகிவிட்டது. "மாசா மாசம் கட்டிக்கலாம்பா" என்றான். "மாசா மாசம் கட்டினா ஆறு மாசத்துல இந்தப் பணம் போயிடும், அப்புறம் மீதி ஆறு மாசமும் தண்டம்தானே, உனக்கு யாருடா கணக்கு சொல்லிக் குடுத்தது?" என்று இவர் சிரிக்கிறார். அவனும் ஏதாவது சொல்லிச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். கட்டுகிறேன் என்று ஒரு பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். "இல்லப்பா, வருஷம் முழுக்க நமக்குத் தேவைப்படாது" என்றான்.

ஏன் தேவைப்படாது என்று அப்பா கேட்டார். சும்மாதான் கேட்டார், சிரிப்பு கூட இன்னும் முகத்தில் இருந்தது. இவன் கையில் சாக்ஸை வைத்துக்கொண்டு நிற்கிறான், நானும் நிற்கிறேன். உன் அண்ணிதான் சமையலறையிலிருந்து "அத்தை, பால் பொங்குது" என்று கத்தினாள். அடுப்பில் பால் இல்லை, அடுப்பே பற்றவைக்கவில்லை, அது அவருக்கும் தெரியும், அவர் படுத்திருக்கிற இடத்திலிருந்து அடுப்பு தெரியும். என் முகத்தைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார், டிவியில் ஓடுகிற கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, உனக்குத் தெரியும்" என்று ரிமோட்டைப் போர்வை மேல் வைத்துவிட்டு மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். டாக்டர் லிஃப்டுக்குப் பக்கத்தில் ரகசியமாகச் சொன்னதை நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவரிடம் இப்படித்தான் சொன்னோம். அன்றிலிருந்து டிவியைத் தொடவில்லை. அதனால்தான் நீ கூப்பிட்டபோது ம், ம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார்.

அன்றைக்குச் சமையலறையில் உன் அண்ணனை நான் விடவில்லை. "கணக்கைத்தானேம்மா சொன்னேன்" என்றான். "அப்பனுக்கே கணக்கு முடிக்கிறியாடா?" என்று கேட்டேன், கையில் இருந்த டம்ளர் சிங்க்கில் விழுந்து நசுங்கியது. அழுதான். வாஷிங் மெஷின் மேல் தலையை வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் இருக்க மெஷினை ஓட விட்டுவிட்டு அழுதான். அவன் மனசிலும் துக்கம் இருக்கிறது, எனக்குத் தெரியாமல் இல்லை, ஆனாலும் நான் போய்த் தேற்றவில்லை. உன் அப்பா திரும்பிப் படுத்தது என் கண்ணை விட்டுப் போகிறவரை தேற்ற மாட்டேன்.

ஆனால் கேள் வாலு, கோபம் ஒரு பக்கம், ஞாயிற்றுக்கிழமை வந்துகொண்டே இருந்தது, ஏதாவது ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். வருஷத்துக்குக் கட்டினால் அவருக்கு நாடகம் என்று தெரியும், சரக்கை முகர்ந்து பார்த்தே கலப்படம் கண்டுபிடித்தவரை நான் ஏமாற்ற முடியுமா. அவருக்குப் பிறகு மிச்சம் இருக்கிற மாதங்களை நான் என்ன செய்வேன், அந்த நொண்டிப் போலீஸ்காரியைத் தனியாக உட்கார்ந்து பார்ப்பேனா. சரி, மாதா மாதம்தான் என்றால் அதைவிடக் கொடுமை. ஒவ்வொரு மாதமும் முடியும்போது இன்னொரு மாதம் வேண்டுமா என்று அந்தத் திரை கேட்கும், ஒவ்வொரு முறையும் வேண்டும் என்று யாராவது பட்டனை அமுக்க வேண்டும். இந்த மாதம் அமுக்கலாமா, பொறுத்துப் பார்க்கலாமா என்று இந்த வீட்டில் ஒருத்தர் ஒருத்தர் முகத்தைப் பார்ப்போம். அதை என்னால் தாங்க முடியாது. விலையை வைத்துப் பார்த்தால் உன் அண்ணன் சொன்னது சரியாகவே இருக்கட்டும், எனக்கு அந்தக் கேள்வி இந்த வீட்டுக்குள் வரக் கூடாது, அதற்காக அந்தக் கம்பெனிக்காரன் முழு விலை கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். சனிக்கிழமை காலை உன் அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டு, வருஷத்துக்குக் கட்டு, உன் புருஷனிடம் கேட்காதே என்றேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், ஒரு கை கோட்டிலும் ஒரு கை வெளியிலுமாக நின்றபடியே போனில் கட்டிவிட்டாள், ஏன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கல்யாணத்தன்று அவள் அம்மா நம் பக்கத்து நாற்காலிகள் காலியாகக் கிடக்கிறதைப் பார்த்து ஒரு சொல் சொன்னாளே, அந்தக் கோபத்தை இவள் மேல்தான் இத்தனை வருஷமாக வைத்திருந்தேன். அதையும் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். மீதிப் பாதி அவள் அம்மாவுக்கு, அதில் தள்ளுபடி கிடையாது.

அப்பாவிடம் போய், வருஷத்துக்குக் கட்டியாச்சு என்று சொன்னேன். சுவரைப் பார்த்தபடியே, "பணத்தை வீணாக்கிட்டியே" என்றார். நான் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் அவரே, "அவன் சொன்னதுதான் சரி. அவனைத் திட்டாதே, அவன் என்னை மாதிரி" என்றார். எனக்கு அந்தக் கால் மேலேயே தலையை வைத்து அழ வேண்டும் போல இருந்தது, அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சின்னவ எப்ப வர்றா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது கூட அவர் அதைக் கேட்டதில்லை. அவளுக்கு வேலை, அவளுக்குக் குழந்தை என்று உன் பக்கம்தான் பேசுவார். அடுத்த மாதம் வருகிறாள் என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்துவிட்டது. "எந்தத் தேதி?" என்றார். தேதியை அவளே போனில் சொல்வாள் என்றேன். ரிமோட்டை எடுத்துக் கொடு என்று கையை நீட்டினார், எடுத்துக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம்தான் உன் அண்ணன் சொன்னான், நீ வருஷக் கடைசிக்கு டிக்கெட் எடுத்துவிட்டாயாம், இப்போதே எடுத்ததால் பாதி விலைக்குக் கிடைத்ததாம், திருப்பிக் கொடுத்தால் பணம் வராதாம். உன் அப்பாவின் மகள்தான் நீ, மலிவைக் கண்டால் விட மாட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை, உண்மையை மறைத்துவிட்டு உன்னைத் திட்டினால் எனக்கே அடுக்காது. ஆனால் போன முறை கிளம்பும்போது அவர் சட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் நீ டாக்சிக் கதவைச் சாத்திவிட்டாய், நேரமாகிவிட்டது என்று கையை மட்டும் ஆட்டினாய். அவர் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. அந்த டிக்கெட் போனால் போகட்டும். முழு விலை கொடுத்து எடு, கடன் வாங்கி எடு, மாப்பிள்ளை முகம் சுளித்தால் சுளிக்கட்டும், நான் பேசிக்கொள்கிறேன். உன் மேலதிகாரி லீவு தர மாட்டேன் என்றால் இந்தக் கடிதத்தை அவனிடம் காட்டு, தமிழ் தெரியாவிட்டால் நீயே படித்துச் சொல்லு. குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா, ஸ்கூலுக்கு ஒரு மாதம் போகாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

உங்கள் மூவருக்கும் என் ஆசி எப்போதும் உண்டு, நோய் நொடி இல்லாமல், ஒருத்தருக்கொருத்தர் மனம் கோணாமல் நீண்ட காலம் இருங்கள். அப்பாவுக்கு இப்போதெல்லாம் கால் குளிர்கிறது என்கிறார், கெட்டியான கம்பளிக் காலுறை அங்கே கிடைக்கும், வீக்கத்துக்கு ஏற்றபடி பெரிய அளவாகப் பார்த்து வாங்கி வா. இதைப் படித்ததும் உடனே போனை எடுக்காதே. முதலில் டிக்கெட்டை எடு. அப்புறம் அழ வேண்டியதை எல்லாம் அங்கேயே அழுது முடித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு கூப்பிடு. என்னிடம் பேசாதே, போனை அப்பாவிடம் கொடுக்கச் சொல். குசலம் விசாரிக்காதே, தேதியைச் சொல். சத்தமாகச் சொல், அவர் திருப்பிச் சொல்வது என் காதில் விழ வேண்டும்.

உன் அப்பாவிடம் உன்னை நம்பிப் பொய் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கும்,
அம்மா