வக்குவாவில் பனி உறைந்த காலை

ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டறியாத என் அன்புக்குரியவருக்கு,

இன்று காலை நம் வக்குவா வீட்டுக் கொல்லையில் பனி உறைந்து கிடந்தது. குளிர் நமக்குப் புதிதில்லை, ஆனால் இது வேறு. யாரோ உப்பைக் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். வெறும் தண்ணீர். நீங்கள் இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பீர்கள்.

சிரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நம் சிவகாமி நர்ஸ் படிப்புக்கு இங்கிலாந்து போகிறேன் என்று நிற்கிறாள். அங்கே இடமும் கிடைத்துவிட்டது. நான் சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அதுதான் வாயில் வரமாட்டேன் என்கிறது. தீவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருக்கிறது, இவளோ கிளம்புகிறேன் என்கிறாள். அடுப்படியில் நின்றால் வாசலுக்குப் போகத் தோன்றுகிறது, வாசலில் நின்றால் அடுப்பு ஞாபகம். உங்களைத் தவிர யாரிடம் சொல்வேன்?

"இங்க ஒரு காலைக்கே கை வெறைக்குது. அங்க மாசக்கணக்கா இப்படித்தானாம். நீ தாங்குவியா?" என்று கேட்டேன்.

அவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்த வெள்ளைப் புல்லில் இறங்கினாள். வேலி வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். நடையில் அவசரமே இல்லை.

"பப்பா வருஷா வருஷம் நெருப்புல எறங்கினாரே, அவரத் தடுத்தியா?"

தடுத்தேனா? தீமிதியன்று நீங்கள் தணலில் கால் வைக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அவ்வளவுதான். "நெருப்பத் தாண்டிப் பால்குழிக்கே வந்துட்டேன், இப்பவாவது பாரு" என்று கிண்டல் செய்வீர்கள். ஒரு வருஷமாவது உங்கள் நடையை நான் பார்த்திருக்கக் கூடாதா? இனி எங்கே போய்ப் பார்ப்பது?

வெந்நீர் வைத்து அவள் கால்களை அதில் முக்கினேன். விரல்களெல்லாம் சிவந்திருந்தன. நடுங்கிக்கொண்டே, "பா பேர், அம்மா" என்றாள். பயப்படாதே என்று நீங்கள் சொல்வீர்களே, அதே கிரியோலில், அதே குரலில். எனக்கு அழுகை வந்துவிட்டது. "போயிட்டு வா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகும் மனசு ஒரு நிலையில் இல்லை. வெயில் ஏறிப் புல் பழையபடி பச்சையாகிவிட்டது, நான் இன்னும் கொல்லைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

அவள் கப்பல் ஏறும் அன்று போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் நிற்பேன். இந்தத் தடவை முகத்தைத் திருப்ப மாட்டேன். கப்பல் கண்ணுக்கு மறைகிற வரை பார்ப்பேன், உங்களுக்கும் சேர்த்து.

என்றும் உங்கள் வீட்டுக்காரி,
சிவகாமியின் அம்மா