மஞ்சளும் கிராம்பும் சேராத மருந்து

பினாங்கு,
9 ஜூன் 2024

பிளஸ்ஸி அப்பாவுக்கு நேசம் எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் இங்கே சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ரப்பர் வெட்டப் போகிறபோது பார்த்து நடங்கள்.

போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் முதல் நாலு வரியாவது கண்ணில் படும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பார்த்துக்கொள்கிற பெரியம்மாவின் மகள் லிம் மேடம் கீழே சீன மருந்துக்கடை வைத்திருக்கிறாரே. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வேரோ பட்டையோ பூவோ இருக்கும். பெரியம்மாவுக்குத் தினமும் நான்தான் மண்சட்டியில் கஷாயம் காய்ச்சுகிறேன். முதல் காய்ச்சை வடித்து, அதே சரக்கில் திரும்பத் தண்ணீர் விட்டுக் காய்ச்சி, இரண்டையும் கலந்து கொடுக்க வேண்டும்.

போன வாரம் ஒரு தப்புச் செய்தேன். கஷாயம் கசக்கிறது என்று பெரியம்மா முகம் சுளிக்கிறாரே என்று, நீங்கள் அனுப்பிய கிராம்பில் நாலைப் போட்டுவிட்டேன். வாயில் வைக்கும் முன்பே மோந்து பார்த்துக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். அந்தக் கஷாயத்தில் மஞ்சள் இனத்துக் கிழங்கு ஒன்று இருக்கிறது. அதோடு கிராம்பு சேரவே கூடாதாம். சேராத சரக்குகள் என்று பழைய காலத்துப் பட்டியலே வைத்திருக்கிறார்கள்.

வேலை போயிற்று என்று நினைத்தேன். மேடம் திட்டவில்லை. எதற்காகப் போட்டாய் என்று கேட்டுவிட்டு, மறுநாள் அந்தப் பட்டியலை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து மத்தியானம் பெரியம்மா தூங்கும்போது தினமும் நாலைந்து சரக்கு கற்றுத் தருகிறார். இப்போது முப்பத்திரண்டு பெயர் தெரியும். பள்ளிக்கூடத்தில் வேத வசனமே தப்புத் தப்பாக ஒப்பித்தவளுக்கு நாற்பத்தேழு வயதில் மனப்பாடம் வருகிறது.

டிசம்பரில் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருந்தால் முறையாகச் சொல்லித் தருவாராம். எனக்கு ரொம்ப ஆசை. உங்கள் சம்மதம் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன்.

நேசபாய்


திற்பரப்பு,
30 ஜூன் 2024

நேசத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

முழங்கால் அப்படியேதான். ஞாயிற்றுக்கிழமை பிளஸ்ஸி மார்த்தாண்டத்திலிருந்து மீன்கறி கொண்டு வருகிறாள். மற்ற ஆறு நாளும் நான் வைப்பதுதான் கறி.

மஞ்சளும் கிராம்பும் சேராது என்கிறவர்களிடமா படிக்கப் போகிறாய்? பிறந்ததிலிருந்து இரண்டையும் சேர்த்துத்தான் தின்கிறோம், யார் செத்தார்கள்? நம் மரத்தில் நானே ஏறிப் பறித்து, வெயில் பார்த்துப் பார்த்து உலர்த்திய கிராம்பு. அதைத் தள்ளினார்கள் என்று படித்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

இன்னொன்றையும் யோசி. நீ ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாய் என்றுதான் சபையில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு வருஷம் எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். பெண்டாட்டியை வீட்டு வேலைக்கு அனுப்பியவன் என்று பெயர் வாங்க என்னால் முடியாது. டிசம்பரில் வந்துவிடு.

ஜான்ரோஸ்


பினாங்கு,
21 ஜூலை 2024

பிளஸ்ஸி அப்பாவுக்கு,

உங்கள் கிராம்பை மேடத்திடம் காட்டினேன். நகத்தால் அழுத்தினார், எண்ணெய் கசிந்தது. தன் கடைச் சரக்கைவிட இது உசத்தி என்றார். விக்கலுக்கும் வயிற்றுக் குளிர்ச்சிக்கும் அவர்களிடம் இதுதான் மருந்து. நான் போட்ட இடம்தான் தப்பு. மருந்துக்குச் சொன்ன விதி கறிக்குக் கிடையாதாம், அதனால் பயப்படாமல் சாப்பிடுங்கள். நீங்கள் வைத்த கறி என்றால் நான் பொறுப்பில்லை.

ஆஸ்பத்திரிக் கதையை நீங்கள் சொன்னபோது நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது என் தப்பு. ஒரு வயதான அம்மாவைக் குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, மருந்து காய்ச்சிக் கொடுக்கிறேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? நீங்கள் மறைக்கும்போது என்னையே ஒளித்து வைக்கிற மாதிரி இருக்கிறது. எனக்கு வலிக்கிறது.

நீங்கள் வா என்றால் முகம் கோணாமல் வருவேன். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். செப்டம்பர் முடிவதற்குள் மேடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நேசபாய்


திற்பரப்பு,
1 செப்டம்பர் 2024, ஞாயிறு

நேசத்துக்கு,

பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது. உனக்கு எழுத முகமில்லாமல்தான் இருந்தேன்.

இன்று மாத முதல் ஞாயிறு. வெளிநாட்டில் இருப்பவர்களுக்காகப் போதகர் பெயர் வாசித்து ஜெபிப்பாரே, அந்த நேரம். ஷிபு, டெனிஷ், லிஜா என்று வாசித்துக்கொண்டே வந்து, “ஆஸ்பத்திரியில் பணி செய்யும் நேசபாய்” என்றார். மாதா மாதம் கேட்பதுதான். இன்றைக்கு ஆமென் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கர்த்தருடைய சந்நிதியிலேயே ஒரு பொய்யை இரண்டு வருஷமாக வாசிக்க வைத்திருக்கிறேன். எழுந்து நின்றுவிட்டேன். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“போதகரே, அவ ஆஸ்பத்திரியில இல்ல. நான் சொன்னது பொய்யாக்கும். அவ ஒரு வயசான அம்மையைப் பாத்துட்டு, சீன மருந்து படிச்சிட்டு இருக்கா. இன்னும் ரெண்டு வருசம் படிப்பு உண்டு.”

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, உன் வேலையைத் திருத்திச் சொல்லி, உன் பெயரை மறுபடி வாசித்து ஜெபித்தார்.

வெளியே வந்ததும் ஏசுஅடிமை ஒரு மாதிரியாகச் சிரித்தான். சிரிக்கட்டும். பக்கத்து வீட்டு நேசம்மாள் தன் கைமுட்டு வலிக்கு அங்கே என்ன மருந்து என்று உன்னிடம் கேட்கச் சொன்னாள். நீ இன்னும் முப்பத்திரண்டு பெயரில்தான் நிற்கிறாய், பொறு என்று சொல்லியிருக்கிறேன். பிளஸ்ஸி என் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் வந்தாள்.

மேடத்திடம் சம்மதம் என்று சொல். நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் இரண்டு வருஷப் படிப்பு என்று சபை முன்னால் சொல்லியாயிற்று. பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றாயானால் இனி எனக்குத்தான் வெட்கம்.

ஜான்ரோஸ்