சாவுக்குக் கிடைத்த லீவு

இராஜாக்கமங்கலம் துறை,
ஞாயிறு, பூசை முடிந்து.

பாசமுள்ள லிஜா அப்பாவுக்கு,

அந்தோனியார் புண்ணியத்தில் நானும் பிள்ளையும் மாமாவும் சுகம். பஹ்ரைனில் நீங்களும் சுகமாக இருக்க மன்றாடி குளோரி எழுதுவது.

போனில் சொன்னால் நீங்கள் 'சரி, சரி' என்பீர்கள், நான் அழுதுவிடுவேன். அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் ஷாஜன் கையில் நெத்திலிக் கருவாட்டோடு இதையும் கொடுத்து விடுகிறேன்.

நாகர்கோவிலில் உங்கள் அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்களே, அன்றைக்கு நடந்ததை முழுதாக நான் சொல்லவில்லை. வெளியே கொண்டுவந்தபோது மாமாவுக்குக் கண் தெரியவில்லை, பேச்சும் குழம்பியது. தலை ஸ்கேனில் வெள்ளை வெள்ளையாக இருந்தது. ரத்தக்கசிவு போலத் தெரிகிறது என்றார்கள். அப்போதுதான் உங்களுக்குப் போன் செய்து அலறினேன். பங்குச் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெயைப் பூசினார். பூசிய செய்தி கரைக்குப் போய்ச் சேரும்போது மாமாவே போய்விட்டதாக ஆகிவிட்டது. துக்க வீடு என்றால் நம் ஆட்கள் வலையைத் தொடமாட்டார்களே, ஒரு வள்ளம்கூடக் கடலில் இறங்கவில்லை.

டாக்டர் மட்டும், ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்காக ஏற்றிய மருந்து மூளையில் தங்கினாலும் இப்படித்தான் வெள்ளையாகத் தெரியும், நாளைக்கு இன்னொரு ஸ்கேன் பார்ப்போம் என்றார். மாமா தடவித் தடவி அவர் கையைப் பிடித்து, நீங்கள்தான் என்று நினைத்து, "ஆன்றோ, வந்தியா மக்கா?" என்று கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு, "வந்துட்டேன்ப்பா" என்றார். அதற்கப்புறம்தான் மாமா அடங்கிப் படுத்தார்.

மறுநாள் ஸ்கேனில் அந்த வெள்ளை இல்லை. மருந்துதான், ரத்தம் இல்லை! கண் தெளிந்ததும் மாமா வாசலில் நின்ற நம் ஊர்க் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "ஏலே, கடல்ல கிடக்க வேண்டிய பயலுவ இங்க என்ன செய்யிதிய? எவன்லே செத்தான்?" என்று கேட்டார். ஒவ்வொருத்தனாகப் படியிறங்கி நழுவினான்!

நீங்களும் சாவுச் செய்தி கேட்டு எடுத்த டிக்கெட்டை அன்றைக்கே ரத்து செய்துவிட்டீர்கள். நியாயம்தான். ஆனால் லிஜா உங்கள் தலையணைக்குப் புது உறை போட்டு வைத்திருந்தாள். இன்னும் அதைத் தொட விடமாட்டேன் என்கிறாள். நானும் தொடவில்லை.

மாமா உங்களைக் கேட்பதேயில்லை. ஆனால் மறுபடி காட்டப் போனபோது அந்த டாக்டரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாவு என்றதும் உங்கள் முதலாளி லீவு தந்தாரே, உயிரோடிருக்கும் அப்பாவைப் பார்க்கத் தரமாட்டாரா? கேட்டுப் பாருங்கள். சவப்பெட்டி தூக்க வர வேண்டாம். இப்போதே வந்து உங்கள் கையை அவரிடம் கொடுங்கள்.

மாதா உங்களைச் சீக்கிரம் கரை சேர்க்கட்டும்.

வழி பார்த்திருக்கும்,
குளோரி