கந்தோர்ப் படியும் என் வழக்கும்

அன்பு மகன் றஸ்மிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகள் றிப்தியும் கட்டாரில் நலமாக இருக்க அல்லாஹ் அருள் புரியட்டும். இங்கே நானும் சுகம், இடது காலைத் தவிர, அது நீ பிறக்குமுன்பே தெரிந்த செய்தி. "லோயர் இல்லாம ஏன் உம்மா கோட்டுக்குப் போறீங்க, நாலு பேர் சிரிப்பாங்க" என்று நீ சொன்னதும் கோபத்தில் போனை வைத்துவிட்டேன், அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

காணி அலுவலாகப் போன அந்த அரசாங்கக் கந்தோரில் வாசலுக்கு ஐந்து படி, பிடிக்கக் கம்பி இல்லை. மூன்றாம் படியில் ஊன்றுகோல் வழுக்கி விழுந்தேன். மேலே நின்ற அதிகாரி இறங்கி வராமலே, "இப்பிடியான ஆக்கள் ஏன் வாறீங்க, வீட்டுல ஆம்புளப் புள்ள இருந்தா அனுப்புங்க" என்றார். விழுந்ததைவிட அந்தச் சொல்தான் வலித்தது மகன். ஊரில் மூன்று சட்டத்தரணிகளிடம் போனேன், மூவரும் நல்ல தேத்தண்ணீர் தந்தார்கள், வழக்கை மட்டும் எடுக்கவில்லை. அவர்களுக்கும் அந்தக் கந்தோரில் அலுவல் இருக்குமே. வழக்கை நானே எழுதிப் போட்டேன். முதல் தவணையன்று நீதிமன்றம் மாடியில், நான் ஏறி முடிக்குமுன் பெயரை மூன்று தரம் கூப்பிட்டு, ஆள் வரவில்லை என்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள். திரும்ப எடுக்க எதிர்த்தரப்பின் அன்றைய செலவை நான் கட்ட வேண்டுமாம். படியேற முடியவில்லை என்று வழக்காடப் போனவள், படியேறப் பிந்தியதற்கு ஒரு காப்பை விற்றுக் கட்டினேன்.

பிறகு, கந்தோர்க் கட்டிட வரைபடத்தைக் காட்டச் சொல்லி நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தேன், ஒரே ஒரு தாள்தான் கேட்டேன். பதிலுக்குக் கந்தோர்த் தரப்பார் என்னிடம் போலியோ வந்த வருடத்து ஆஸ்பத்திரித் துண்டையும் கலியாணப் போட்டோவையும் கேட்டார்கள், அன்றைக்கு நேராக நின்றேனா என்று பார்க்கவாம். கொடுத்தேன், நான் கதிரையில் இருக்கிறேன், உன் வாப்பா பக்கத்தில் நிற்கிறார், வடிவாகத்தான் இருக்கிறார். நீதிபதி கண்டிப்பாகச் சொன்ன பிறகு இரண்டு பெட்டி நிறையக் கடதாசி வந்தது, தேடிக் களைத்து விட்டுவிடுவேன் என்று நினைத்திருப்பார்கள். பதினொரு நாள் தரையில் பரப்பிப் படித்தேன், டயர் வாங்கிய சீட்டு, விருந்துச் சாப்பாட்டுச் சீட்டு, அவற்றின் நடுவே வரைபடம். வாசலின் இடப்புறம் சாய்வுப்பாதை கீறியிருக்கிறது, கட்டி முடித்ததாக அதே அதிகாரியின் கையெழுத்தும் இருக்கிறது. அந்த இடத்தில் இருப்பது அவருடைய மோட்டார் சைக்கிள் கொட்டில். "இந்தப் பாதையால நீங்க எத்தின தரம் ஏறியிருக்கீங்க" என்று நீதிபதி கேட்டார். அவர் தரையைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

மூன்று மாதத்தில் பாதை கட்டச் சொல்லித் தீர்ப்பு. வழக்குச் செலவை நான் கேட்டபோது அவர்களின் சட்டத்தரணி எழும்பி, "லோயர் பிடிச்ச ஆக்களுக்குத்தான் லோயர் கூலி, இவ தானே கதைச்சவ" என்றார். சட்டமும் அப்படித்தானாம். முத்திரைக் காசும் ஆட்டோக் காசும் மட்டும் கிடைத்தது, அதாவது கட்டளைதான் கிடைத்தது, காசு இன்னும் இல்லை. போன திங்கள் புதுப் பாதையால் யாரும் பிடிக்காமல் ஏறி உள்ளே போய்க் காசைக் கேட்டேன். அங்கே வேலை செய்கிற பிள்ளை முகம் வாடி, "காசு குடுக்கிற பகுதி மேல் மாடியில இரிக்கி உம்மா" என்றாள். கதிரையை இழுத்து இருந்துகொண்டு, அடுத்த மனுவுக்கு அவளிடமே ஒரு தாள் வாங்கினேன்.

றிப்திக்கு ஐந்தாம் மாதம், பாரம் தூக்க விடாதே. தொழுகையைத் தவற விடாதே. வல்ல நாயன் உங்கள் மூவரையும் காப்பானாக.

துஆவுடன்,
உன் உம்மா
சுபைறா